வட்டையில் ஒரு பந்தயத் தடம்

2025 தை மாதத்தில் ஒரு நாள், கிரானிலிருந்து என் அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். டுபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றிருந்த நேரம் அது. ஊரில் பெடியன்கள் எல்லோரும் கைத்தொலைபேசியில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "மாமா, ஓட்டோ குரொஸ் எண்டு ஒண்டு இருக்காம். புதுசாப் பழகிறவனுக்கு அதுதானாம் முதற்படி. மறுகா அத எங்க போய்ப் பழகிற?" என்று கேட்டான்.

அவன் கராஜ் ஒன்றில் வேலை செய்பவன். சொந்தமாக ஒரு பழைய நிஸான் மார்ச் வைத்திருக்கிறான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஐந்து ஆண்டுகள் பழைய கார்களின் விலை மலையேறிக்கொண்டு போன நாட்டில், அந்தக் கார் அவனுக்கு வீடு மாதிரி. அதை வைத்துக்கொண்டு அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே விடை இருக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்திகளோடு வாழ்ந்தவன், ஒரு சின்னக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமற்போனது கொஞ்சம் உறுத்தியது. தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் கார்களை விட்டு விலகி, நிலத்தின் வரலாற்றுக்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஓட்டோ குரொஸ் என்பது இடத்துக்கு இடம் வெவ்வேறு பொருள் தரும். பிரித்தானியாவில் அது புல்வெளியிலோ அறுவடை முடிந்த வயலிலோ தற்காலிகமாக ஒரு தடம் குறித்து, நேரம் கணித்து ஓட்டுவது. ஊர்ப்புற மோட்டார் கழகங்கள் ஒரு விவசாயியிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நிலத்தை வாங்கிக்கொள்ளும். திங்கட்கிழமை அது மறுபடியும் வயல். அமெரிக்காவில் அதே சொல், பெரிய வாகனத் தரிப்பிடங்களிலும் கைவிடப்பட்ட ஓடுபாதைகளிலும் இறப்பர் கூம்புகளை அடுக்கி, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவதைக் குறிக்கும். இந்தியாவில் பெரும்பாலும் மண் தடத்தில் நடப்பதற்கே அந்தப் பெயர். எங்கே நடந்தாலும் அதன் உயிர்நாடி ஒன்றுதான்: எதிராளி மணிக்கூடு மட்டுமே. கார்கள் முட்டிமோதி முந்துவதில்லை; ஒவ்வொருவராக ஓடி முடிக்கிறார்கள். புதியவர்களுக்கு இது உகந்தது என்று சொல்வதற்கும் அதுவே காரணம்.

இதிலிருந்து பிறந்த இன்னொன்று றலி குரொஸ். 1967 பெப்ரவரியில், இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்து லிடன் ஹில் என்ற இடத்தில், தொலைக்காட்சிக்காகவே முதன்முதலில் நடத்தப்பட்டது. அதில் பல கார்கள் ஒன்றாகப் புறப்படும். பார்ப்பவனுக்கு விறுவிறுப்பு அதிகம். ஓட்டுபவனுக்கும் கரையில் நிற்பவனுக்கும் ஆபத்தும் அதிகம். இலங்கையில் நாம் சுப்பர் குரொஸ் என்று அழைப்பது இந்த இரண்டாவது வகைக்கே நெருக்கமானது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இனி நிலத்துக்கு வருவோம். மோட்டார் பந்தயத்தின் வரலாற்றை விரித்துப் பார்த்தால், இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற விமானத் தளங்கள் எங்கும் தென்படுகின்றன. 1948இல் பிரித்தானிய கிராண்ட் பிறீ நடந்த சில்வர்ஸ்ரன், விமானப்படையின் பழைய தளம். அமெரிக்காவில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் பொது வீதிகளில் பந்தயம் ஓடி ஆட்கள் இறந்த பிறகு, ஜெனரல் கேர்ற்டிஸ் லெமே தன் கட்டுப்பாட்டிலிருந்த குண்டுவீச்சு விமானத் தளங்களைக் கார் கழகங்களுக்குத் திறந்துவிட்டார். யப்பானிய நகரங்களை எரித்த படையணிகளின் தளபதி அவர் என்பதையும் மறக்க முடியவில்லை.

தமிழகத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரம். அதுவும் போர்க்கால விமானத் தளம்தான். 1953இல் தொடங்கப்பட்ட மதறாஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அந்த ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது. ஆண்டின் தொடக்கத்தில் சோழவரம் பந்தயம் என்றால் நகரமே திரண்டு போகுமாம். மகாராஜாக்களும் ஓடினார்கள், கராஜ் மெக்கானிக்குகளும் ஓடினார்கள். எங்கள் நாட்டிலிருந்தும் ஓட்டுநர்கள் கடல் கடந்து போய் அங்கே ஓடியிருக்கிறார்கள். 1990இல் அந்தக் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று நிரந்தரத் தடம் அமைத்துக்கொண்டது.

தமிழகத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்றொருவர் இருந்தார். மாருதி 800 காரின் இயந்திரத்தைப் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரிலேயே கட்டினார். வெளிநாட்டுக் கார் வாங்க வக்கில்லாத இளைஞர்கள் அதனால் பந்தயத்துக்குள் நுழைந்தார்கள். 1995இல் அவர் இறந்துபோனார். 2005இல் போர்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயரை நரேன் கார்த்திகேயன் பெற்றபோது, பலரும் அவரைத் தனிமனித அதிசயமாக எழுதினார்கள். அவருடைய தந்தை றலி ஓட்டுநர். ஊரோ கோயம்புத்தூர். ஒரு ஊர் நாற்பது வருடம் உழுது வைத்த நிலத்தில் விளைந்த பயிர் அது என்பதே என் எண்ணம்.

இலங்கையில் கதை மலையில் தொடங்குகிறது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வீதியில் 1934இல் முதல் மலையேற்றப் பந்தயம் நடந்தது. அதுவும் ஒவ்வொரு காராக, மணிக்கூட்டோடு போட்டியிடும் வகைதான். துரைமாரின் சித்திரைக் காலப் பொழுதுபோக்கு. அந்தத் தோட்டங்களை உருவாக்கிய மலையகத் தமிழருக்கு அதில் கிடைத்திருக்கக்கூடிய இடம் என்ன என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பிறகு களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்தை. போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக இருந்த இடம். போர் முடிந்தபின் அதன் ஓடுபாதையிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சோழவரத்துக்கு நடந்தது கட்டுகுருந்தைக்கும் நடந்தது.

எங்கள் மட்டக்களப்பிலும் ஓர் ஓடுபாதை உண்டு. போர்க்காலத்ததல்ல, 1958இல் உள்ளூர் விமானச் சேவைக்காக வாவியோரத்தில் அமைக்கப்பட்டது. 1983 மார்ச்சில் அது விமானப்படையின் கைக்குப் போயிற்று. அதே ஆண்டு யூலையில் நாட்டுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே விபரிக்க வேண்டியதில்லை. மற்ற இடங்களில் போர் முடிந்து ஓடுபாதைகள் பொதுமக்களிடம் வந்தன. எங்களிடம் இருந்த ஒரேயொரு ஓடுபாதை பொதுமக்களிடமிருந்து போருக்குப் போயிற்று. சாதாரணப் பயணிகள் அங்கே மீண்டும் இறங்க முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

1993இல் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பயிற்சி நிருபன். வேலையில் புதியவர்களை விளையாட்டுப் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு இருத்திவிடுவது வழக்கம். அந்த ஆண்டுதான் தியத்தலாவை இராணுவக் கல்லூரி வளாகத்தில் பொக்ஸ்ஹில் சுப்பர் குரொஸ் ஆரம்பமானது. ஆங்கிலத்தில் வந்த முடிவுகளைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'சுப்பர் குரொஸ்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மேசையில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. 'மீக்குறுக்கோட்டம்' என்று ஒரு பெரியவர் முன்மொழிந்தார். நல்ல காலம், பிரதம உதவி ஆசிரியர் சிரித்துவிட்டு ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் போடச் சொன்னார்.

பொக்ஸ்ஹில் என்ற பெயரே படைத்துறை கொடுத்தது. அந்த மலைச்சரிவில் நரியின் உருவம் ஒன்று வெண்கற்களால் அமைக்கப்பட்டிருக்கிறது; 'பொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் விட்டுச்சென்ற அடையாளம். அதற்கும் முன்னால், 1900இல், தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போவர் கைதிகள் ஆயிரக்கணக்கில் தியத்தலாவையில்தான் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். நூறு வருடங்களாகப் படைத்தரப்பினருக்குரிய நிலம் அது. அங்கே பந்தயம் தொடங்கியதில் வியப்பில்லை. பின்னர் அநுராதபுரத்துச் சாலியபுரவில் கஜபா படைப்பிரிவு நடத்திய கஜபா சுப்பர் குரொஸ் வந்தது. சிகிரியாவில் விமானப்படை றலி குரொஸ் நடத்தியது. பரந்த நிலமும், மண்ணைத் தள்ளிச் சமன்படுத்தும் இயந்திரங்களும், வேலைக்கு ஆட்களும் அவர்களிடம் இருந்தன. கார் கழகங்களிடம் அவை இருக்கவில்லை. ஆகவே இந்நாட்டின் மண் தடப் பந்தயம் முகாம்களின் வாசலுக்குள் வளர்ந்தது. நிஸான் மார்ச்சுக்கு ஒரு பிரிவு, போர்ட் லேசருக்கும் மஸ்டாவுக்கும் ஒரு பிரிவு, 3500 சீசீ வரையிலான பெரியவைக்கு ஒரு பிரிவு என்று அது நன்றாகவே வளர்ந்தது. திறமையான ஓட்டுநர்களை உருவாக்கியது. அதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் கிரானில் இருந்த ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். செங்கலடிச் சந்தியில் தொடங்கும் பதுளை வீதி, வளைந்து ஏறி அவனை மலைநாட்டுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து தியத்தலாவை பக்கத்தில்தான். வரைபடத்தில் பார்த்தால் கொழும்பானை விட அவனுக்கு ஒன்றும் மிகத் தூரமில்லை. தொண்ணூறுகளில் அந்த வீதியில் எத்தனை தடைமுகாம், எத்தனை இறங்கி ஏறல்! அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்றிருக்கும் ஒரு பெடியன், இராணுவக் கல்லூரியின் வாசலில் போய் நின்று, "பந்தயம் ஓட வந்தேன்" என்று சொல்வதைக் கற்பனை செய்யவும் முடியாது. சிரிப்பு வருகிறது. பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. விளையாட்டுப் பக்கத்தில் நான் பந்தய முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தபோது, அடுத்த மேசையில் என் ஊர்ப் பெயர்கள் வேறு விதமான செய்திகளில் வந்துகொண்டிருந்தன.

கார் ஓட்டும் வித்தை எங்களிடம் இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்குகளின் கெட்டித்தனம் உலகறிந்தது. எங்கள் பக்கத்தில் ஓட்டமாவடிப் பாலம் இருந்தது. புகையிரதமும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தைப் பங்குபோட்டுக்கொண்ட இடம். தண்டவாளத்தின் மேல் சில்லு வழுக்காமல் லொறியைக் கொண்டுபோவது தனிக்கலை. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் கலை அழிந்துபோயிற்று, யாரும் அழவில்லை. மாரி காலத்தில் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குப் போகும் வீதி வெள்ளத்தில் மூழ்கும். தண்ணீருக்கடியில் வீதி எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. உழவு இயந்திரச் சாரதி மனக்கணக்கில் ஓட்டுவான். படுவான்கரையில் பிறந்தவனுக்கு அது சாதாரண விடயம்.

என் கண்ணால் பார்த்த முதல் ஓட்டோ குரொஸ் என்று ஒன்றைச் சொல்வதானால், அது 1978 நவம்பர் சூறாவளிக்கு அடுத்த நாள்கள். எனக்கு எட்டு வயது. வீதி முழுவதும் தென்னைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. என் பெரியப்பா தன் மொறிஸ் மைனரில், காயம்பட்ட ஒருவரைப் பின்னால் படுக்கவைத்துக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு நடுவே முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பித் திருப்பி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். நான் முன்னால் ஓடி ஓடி வழி காட்டினேன். ஒரு மட்டையைக்கூட அவர் இடிக்கவில்லை. அந்த வேகத்தை யாரும் நேரம் கணிக்கவில்லை.

2024 சித்திரையில், ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு பொக்ஸ்ஹில் மீண்டும் நடந்தது. என் மருமகனும் நண்பர்களும் பதுளை வீதியால் இரவோடு இரவாக வான் பிடித்துப் போயிருந்தார்கள். அவன் போகக்கூடிய காலம் வந்ததே என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தடத்தை விட்டு விலகிய ஒரு கார், கரையில் நின்ற கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். செய்தி வந்ததும் அக்கா என்னை அழைத்தா. அழுகையில் பேச்சு விளங்கவில்லை. அவன் நின்றது எதிர்ப்புற மேட்டில் என்பது இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அக்கா எந்தெந்த வருடங்களை எல்லாம் திரும்ப வாழ்ந்தா என்பதை நான் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவன்தான் ஒன்பது மாதம் கழித்து என்னை அழைத்து, எங்கே பழகுவது என்று கேட்கிறான். 'விட்டுவிடு' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற வயதும் அல்ல, கேட்கிற சாதியும் அல்ல. பாசிக்குடா வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டுக் கால் முறிகிற பெடியன்களை ஆசுபத்திரியில் பார்த்திருக்கிறேன். ஆர்வத்துக்கு இடம் கொடுக்காவிட்டால் அது வீதிக்கு வரும். ஆகவே படித்ததையும் கேட்டறிந்ததையும் அவனுக்கு எழுதி அனுப்பினேன்.

பொக்ஸ்ஹில்லைப் பார்த்து அதுபோல ஓட ஆசைப்படாதே என்பது முதலாவது. பல கார்கள் ஒன்றாக ஓடுவதும், கரையோரம் ஆட்கள் நிற்பதும் தேர்ந்தவர்களின் உலகம். அங்கேயே என்ன நடந்தது என்பதை நீ பார்த்தாய். ஒரு நேரத்தில் ஒரு கார். பார்க்க வருகிறவன் தடத்துக்கு வெகு தூரத்தில், வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருபோதும் இல்லாமல், நிற்க வேண்டும். ஓடுமுன் காரிலிருந்து ஜக், மேலதிகச் சில்லு, கால்மிதி, போத்தல் எல்லாவற்றையும் இறக்கு. தண்ணீர்ப் போத்தல் ஒன்று உருண்டு பிறேக்குக்கு அடியில் போனால் போதும், கதை முடிந்துவிடும். பெற்றறி ஆடாமல் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். தலைக்கவசம், இருக்கைப் பட்டி இரண்டும் இல்லாமல் சாவியைத் திருப்பாதே. தடத்தை முதலில் காலால் நட. இரண்டு முறை, மூன்று முறை நட. எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே பள்ளம் என்பதைப் பாதம் சொல்லும்.

ஓட்டும்போது பார்வை காரின் மூக்கில் இருக்கக்கூடாது. அடுத்த கூம்பிலும் அதற்கு அடுத்ததிலும் இருக்க வேண்டும். பிறேக்கை நேராக ஓடும்போதே பிடித்து முடித்துவிட்டு, பிறகு திருப்பு. மார்ச் போன்ற முன்சில்லு இழுக்கும் கார், இளகிய மண்ணில் வேகமாகத் திரும்பினால் திரும்பாது. மூக்கு நேராகத்தான் போகும். அப்போது ஸ்ரியறிங்கை இன்னும் ஒடிப்பது புதியவன் செய்யும் பிழை. காலை மெல்லத் தளர்த்தினால் சில்லு மறுபடி மண்ணைப் பிடிக்கும். அமெரிக்க விதிப்படி ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி தண்டம். அவசரக்காரன் தோற்பதற்காகவே எழுதப்பட்ட விதி அது. எங்கள் சித்திரை விளையாட்டில் மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டி இருக்கிறதல்லவா, கடைசியாக வருகிறவன் வெல்லுவது? இரண்டும் கேட்பது ஒரே நிதானத்தைத்தான் என்று அவனுக்கு எழுதினேன். அவன் அதைப் படித்துச் சிரித்தானாம்.

நிலத்துக்கு என்ன வழி? பெரும்போகம் அறுவடை முடிந்தபின், மாசி பங்குனியில், வட்டை வெயிலில் காய்ந்து இறுகிக் கிடக்கும். ஆங்கில விவசாயியின் அறுத்த வயலுக்கும் எங்கள் வட்டைக்கும் வரம்பு ஒன்றுதான் வித்தியாசம். ஊரில் ஒரு போடியார், வரம்பு சிதைந்து தரிசாகக் கிடந்த தன் மேட்டு நிலத்தை ஒரு நாளுக்குத் தரச் சம்மதித்தார். "உழவு இயந்திரம் ஓடாத இடத்தையா கார் கெடுக்கப் போகுது" என்றாராம். அக்காவுக்கு இன்னொரு பயம். அந்தப் பக்கங்களில் குடும்பிமலை வரை போர் நடந்தது 2007 வரையில். மண்ணுக்குள் என்ன கிடக்குமோ? மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடியற்றதாக 2017இல் அறிவிக்கப்பட்டதை எடுத்துச் சொன்னேன். அப்படியும் அவ முதல் நாள் மாலை அந்த நிலத்தின் குறுக்கே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகுதான் அடங்கினா.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை நானும் போனேன். கூம்பு வாங்கக் காசில்லை. தேங்காய் மட்டைகளைக் குத்தி நட்டு, மேலே சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். இதைப் போட்டி என்று சொல்ல முடியாது. பதிவு இல்லை, நடுவர் இல்லை, பரிசு இல்லை. நான்கு கார்கள், ஒரு தீயணைப்பான், கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தப்பட்ட பத்துப் பெடியன்கள். காரோட்டத் தெரியாத என்னிடம் கைத்தொலைபேசியைத் தந்து நேரம் பார்க்கச் சொன்னார்கள். அக்கா நாவல் மரத்தடியில் தேநீர்ப் போத்தலோடு இருந்தா. கண்ணைக் கார்ப்பக்கம் திருப்பவேயில்லை.

மருமகன் மூன்றாவதாக ஓடினான். புழுதி அடங்கியதும் அக்கா என்னைப் பார்த்து, "எத்தின?" என்று கேட்டா. ஒரு நிமிடம் நான்கு விநாடி. மூன்று மட்டைகள் சாய்ந்திருந்தன. ஆறு விநாடியைக் கூட்டிக் கொப்பியில் எழுதினேன்.